இருபது நிமிஷ அமைதி

பாட்டைக் குறைக்கச் சொன்னேன், கண்டக்டர் குறைச்சுட்டாரு. இனி நிம்மதியாப் பேசலாம்.

தம்பி, அந்தக் கவரை மடியில வைக்காதீங்க, மடங்கிரும். எக்ஸ்ரே கவர்தானே? பெரிய ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்கு. மேல கம்பியில வச்சாலும் பிரேக் போடுறப்ப விழுந்துரும். முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவுல நிப்பாட்டி வைங்க. ஆங், அம்புட்டுத்தான். பட்டுச்சேலைப் பெட்டியெல்லாம் நாங்க அப்பிடித்தான் பஸ்ல கொண்டு போவோம்.

நான் திருச்சிக்குப் போறேன். பேரன் பொறந்திருக்கான். நாளைக்கு முப்பதாம் நாள், தொட்டில் போட்டுப் பேர் வைக்கிறாங்க. உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, எனக்கொண்ணும் இல்ல. நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு வர்றேன்.

என் பேரு சோமசுந்தரம். மதுரையில விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல முப்பத்தொரு வருஷம் நின்னவன். பட்டு சோமுன்னு கேட்டா அந்தத் தெருவுல யாரும் சொல்லுவாய்ங்க. போன வருஷந்தான் வேலையை விட்டேன். கால் நரம்பு சுருட்டிக்கிச்சு, நிக்க முடியல.

விசயம் என்னன்னா, பேரன் பொறந்தது திருச்சியில. மொதப் பிரசவம் தம்பி. மொதப் பிரசவம் மாமியா வீட்ல நடந்துச்சுன்னு நீங்க எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா? பொண்ணைப் பெத்தவன் செத்துட்டானா, இல்ல சோத்துக்கு இல்லாதவனா? எங்க அக்கா நேருக்கு நேராவே கேட்டுச்சு. “ஏன்டா சோமு, பொண்ணை அழைச்சு வச்சுப் பாக்க உனக்கு வக்கில்லயா?”ன்னு. என்னத்தைச் சொல்லுறது? வக்கெல்லாம் இருக்கு. வீட்டையே பொட்டி மாதிரி அடைச்சு, ஈ பறந்தா கேக்குற மாதிரி ஆக்கி வச்சேன். அவதான் வரல.

அவன்னா எம் பொண்ணு. மீனலோசனி. நாங்க மீனுன்னு கூப்பிடுவோம். ஒரே பொண்ணு.

வளைகாப்பு எங்க வீட்டுக்குக் கீழ அசோசியேஷன் ஹால்லதான் போட்டோம். ஏழு வகைச் சாதம். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். வந்த சனத்தைப் பூராம் நான் ஒருத்தன்தான் சமாளிச்சேன். எம் பொண்டாட்டி மங்கை ஒரு ஓரமா நிப்பா, சிரிப்பா, பந்தியில போடுவா, பேச மாட்டா. சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குப் பேச்சுத்துணையா இருந்ததும் நாந்தான். சாயங்காலம் எல்லாம் முடிஞ்சு, பொண்ணை வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போகணும். அதானே மொறை? வளையல் போட்டா பொறந்த வீட்டுக்கு வரணும். அப்ப மீனு எங்கிட்ட வந்து மெதுவாச் சொல்றா. “அப்பா, நான் இப்ப இவங்ககூடத் திருச்சிக்கே போறேன்ப்பா. அந்த வீட்ல தூங்க முடியாதுப்பா. சத்தம்.”

அம்புட்டுத்தான் சொன்னா. வேற ஒண்ணும் சொல்லல. நான் என்ன சும்மா விடுவேனா? “சத்தந்தானே? அப்பா பாத்துக்கிறேன். பிரசவத்துக்குள்ள சத்தத்தை இல்லாமப் பண்ணிட்டுக் கூப்புடுறேன், வந்துரணும்”னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனேன். அவ மங்கையப் பாத்தா. மங்கை கீழ பாத்துக்கிட்டு இருந்தா.

பொண்ணு சொன்னது நெசந்தான் தம்பி, மறைக்க மாட்டேன். எங்க வீடு காளவாசல் பைபாஸ் ரோட்டு மேல. மூணாவது மாடி. முன்னால ரோடு. விடிஞ்சதுல இருந்து பஸ்ஸு, லாரி, ஏர் ஹாரன். பின்னால கல்யாண மண்டபம். முகூர்த்த நாள்ல கொட்டு, காதுகுத்துன்னா மைக்செட். நடுவுல ஒரு ஆட்டோக்காரன், “பழைய இரும்பு, பழைய பேப்பர், உடைஞ்ச மிக்ஸி, உடைஞ்ச கிரைண்டர்”னு ரெக்கார்டைப் போட்டு விட்டுட்டு அவன் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிருவான். ரெக்கார்டு மட்டும் கத்திக்கிட்டே நிக்கும். ஒரே விசயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா மனுசனுக்கு என்ன ஆகும்? அதை யோசிக்க மாட்டாய்ங்க.

மீனு சின்னதுல இருந்தே இப்பிடித்தான். பன்னெண்டாவது படிக்கிறப்ப, “வீட்ல சத்தமா இருக்கு, படிக்க முடியல”ன்னு புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுக் கீழ பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துக்குவா. பைபாஸ் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பு! அங்க இல்லாத சத்தமா? கேட்டா, “அங்க பரவாயில்லப்பா”ம்பா. சின்னப்புள்ள புத்தி. நானும் தொணைக்குப் போய்ப் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். ரெண்டு நாள்ல அதையும் விட்டுட்டா.

மேலூர் வந்துருச்சு. வெள்ளரிக்காய் வேணுமா தம்பி? வேணாமா. என்ன, உங்கம்மாவுக்கா? இருங்க இருங்க, இதை முடிச்சுக்கிறேன், இல்லாட்டி விட்ட இடம் மறந்து போயிரும்.

மொத வேலையா துணியில ஆரம்பிச்சேன். நமக்குத் தெரிஞ்சது துணிதானே. கடையில பழக்கம் விடலயே, சோபா துணி, திரைச்சீலைத் துணி, நல்ல கெட்டியா எடுத்தாந்து ஜன்னலுக்கு மூணு மடிப்பாத் தைச்சுப் போட்டேன். நீங்க நம்ப மாட்டீங்க, பட்டுப்புடவையை மடிக்கிற மாதிரி மடிப்பு மாறாம நானே தொங்க விட்டேன். சத்தம் கொஞ்சம் மந்தமாச்சு, ஆனா போகல. அப்புறம் ரெண்டு இலவம்பஞ்சு மெத்தையை ஜன்னல்ல சாத்தி வச்சேன். வீடு இருட்டாப் போச்சு. அப்பவும் ஹாரன் வருது.

அப்பத்தான் இருதயராஜ்னு ஒரு ஃபிட்டர் கெடைச்சாரு. அலுமினிய ஜன்னல் வேலை பாக்குறவரு. வந்தாரு, துணியத் தொட்டுப் பாத்தாரு, “சார், துணி எக்கோவைக் குறைக்கும். சத்தத்தை நிப்பாட்டாது. காத்து போற வழியிலெல்லாம் சத்தம் வரும். மொத அதைப் பாக்கணும்”னாரு. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, எல்லா ஜன்னல் ஓரமாவும், கதவு ஓரமாவும் மெதுவாக் கொண்டு போனாரு. பொகை நேராப் போனா அங்க ஓட்டை இல்ல. பொகை வளைஞ்சா அங்க இடுக்கு இருக்குன்னு அர்த்தம். எத்தனை எடத்துல வளைஞ்சுச்சு தெரியுமா? பதினொண்ணு! தள்ளு ஜன்னல் சேர்ற எடம், ஏசி குழாய் போற ஓட்டை, அடுப்படிப் பொகைபோக்கி, வாசக்கதவுக்குக் கீழ… சாமி கும்புடுற ஊதுபத்தியை வச்சுத் திருட்டைக் கண்டுபிடிக்கிறாரே மனுசன்னு எனக்கு ஒரே ஆச்சரியம்.

அப்புறம் வேலை நடந்துச்சு பாருங்க, ஒன்றரை மாசம். பழைய தள்ளு ஜன்னலைப் பூராம் பேத்துட்டு, இழுத்துப் பூட்டுற ஜன்னல். ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து. ஓரமெல்லாம் ரப்பர். ஓட்டைக்கெல்லாம் நுரை மாதிரி ஒண்ணை அடிச்சாரு, அது பொங்கி வந்து கல்லா எறுகிக்கிருச்சு. கதவுக்குக் கீழ பட்டை. நல்ல வேலைக்காரரு. ஆனா பேச்சுக்கு ஆகாது. நான் எதாச்சும் சொல்ல ஆரம்பிச்சாலே டிரில்லிங் மெஷினைப் போட்டுருவாரு. வேலையில அம்புட்டுக் கவனம்.

மண்டபத்துக்கு நானே போனேன். மேனேஜர்கிட்ட, மைக்செட் ஸ்பீக்கரை எங்க பக்கம் திருப்பி வைக்காதீங்க, மாசமா இருக்குற பொண்ணு வருதுன்னு சொன்னேன். மொதல்ல முடியாதுன்னாரு. நான் விடல. நம்ம தொழில் என்ன? முப்பத்தொரு வருஷம் சேலை வித்த வாய் தம்பி இது. அந்தத் தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்கு, சொல்றேன் கேட்டுக்கங்க. கை ஓயலாம், வாய் ஓயக்கூடாது. சேலையை விரிச்சுப் போட்டுக்கிட்டே பேசிக்கிட்டு இருக்கணும். பார்டரைப் பாருங்க, முந்தியப் பாருங்க, உங்க நெறத்துக்குன்னே நெய்ஞ்சது அக்கான்னு ஓடிக்கிட்டே இருக்கணும். நீங்க எந்த எடத்துல பேச்சை நிப்பாட்டுறீங்களோ, அந்த எடத்துலதான் அந்தம்மா வீட்டுக்காரரைத் திரும்பிப் பாக்கும். “சரி, இன்னொரு கடை பாத்துட்டு வருவமா”ன்னு எந்திரிக்கும். அவங்களுக்கு யோசிக்க எடமே குடுக்கக் கூடாது. “புடிச்சிருக்கா?”ன்னு கேக்கவே கூடாது. கேட்டா இல்லைன்னு சொல்ல வாய்ப்புக் குடுத்த மாதிரி. நான் கேட்டதே இல்ல. அதனாலதான் பட்டு செக்‌ஷன்ல என் முன்னால உக்காந்தவுக வெறுங்கையோட எந்திரிச்சதில்ல.

மேனேஜரும் அப்பிடித்தான். அரை மணி நேரத்துல, “சார், திருப்பி வச்சுர்றேன் சார், நீங்க போய்ட்டு வாங்க சார்”னு கையெடுத்துக் கும்பிட்டாரு.

மங்கையைப் பத்திச் சொன்னேன்ல? அந்த மாதிரி ஒரு அமைதியான பொம்பளையை நீங்க பாக்க முடியாது. கல்யாணம் ஆகி இருபத்தொம்பது வருஷம். நாங்க சண்டை போட்டதே இல்ல. ஒரு தடவை கூட இல்ல. சண்டை போடணும்னா ரெண்டு பேரும் பேசணும்ல? மீனு போன் பண்ணாக்கூட நாந்தான் வாங்கிப் பேசுவேன். மங்கைகிட்டக் குடுத்தா “ம்… ம்… சாப்பிட்டியா”, அம்புட்டுத்தான். அவளுக்குப் பேச என்ன இருக்கு? ஒரே ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் புரியல. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வருவா. நாலு சேலை காயப்போட ஒரு மணி நேரமா? வெயில்ல நின்னு மண்டை காயுது. சொன்னாக் கேக்க மாட்டா.

வேலை முடிஞ்ச அன்னைக்கு இருதயராஜ் மறுபடி ஊதுபத்தியைக் கொளுத்திக்கிட்டு வீடு பூராம் சுத்தி வந்தாரு. நாங்களும் பின்னாடியே போனோம். ஒரு எடத்துல கூடப் பொகை வளையல தம்பி! குச்சி நட்ட மாதிரி நேரா மேல போச்சு. ரோட்டைப் பாக்குறேன், லாரி போகுது, ஆட்டோ போகுது, வாயத் தொறந்து தொறந்து மூடுற மாதிரி இருக்கு, ஒரு சத்தம் இல்ல. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எம் பேரன் இங்க தூங்குவான்னு நெனச்சேன். மீனு அசந்து தூங்குவா, நான் தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருப்பேன்னு நெனச்சேன்.

இருதயராஜ் சாமானையெல்லாம் பையில போட்டுக்கிட்டே, “சார், இனி வெளிச் சத்தம் உள்ள வராது. ஆனா ஒண்ணு, உள்ள இருக்குற சத்தமும் வெளிய போகாது. அது உள்ளயேதான் சுத்தும்”னாரு. நல்லதாப் போச்சு, பக்கத்து வீட்டுக்காரன் ஒட்டுக் கேக்க முடியாதுன்னேன். அதுக்கு மங்கை சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. சிரிப்பு நிக்கல அவளுக்கு, மூஞ்சியை மூடிக்கிட்டு உள்ள போயிட்டா.

சரி, பொண்ணு நம்பணும்ல? வாயால சொன்னா நம்ப மாட்டா. அதுக்கு ஒரு யோசனை பண்ணேன் பாருங்க. போன்ல ரெக்கார்டு பண்ற வசதி இருக்குல்ல? படுக்கை ரூம்ல தொட்டில் கட்டப் போற கொக்கிக்கு நேர் கீழ ஒரு ஸ்டூலைப் போட்டு, போனை வச்சு, ரெக்கார்டை அமுக்கி, கதவைச் சாத்திட்டேன். காலையில பதினொரு மணி. ரோட்டுல ஜே ஜேன்னு வண்டி போற நேரம். மண்டபத்துலயும் அன்னைக்கு ஒரு கல்யாணம். இருபது நிமிஷம் ஓடட்டும், அந்த இருபது நிமிஷ அமைதியை அப்பிடியே அனுப்பி வைப்போம்னு. எப்பிடி என் யோசனை?

மங்கை மட்டும் ரூமுக்குள்ள துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. வெளிய வாடின்னேன். “இருக்கட்டும், நான் பாட்டுக்கு மடிச்சுக்கிட்டு இருக்கேன்”னா. சரி இருன்னுட்டேன். அவ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, சத்தமா போடப் போறா? நான் ஹால்ல காவலுக்கு உக்காந்துக்கிட்டேன். இருதயராஜ் கணக்குச் சீட்டு எழுதிக்கிட்டு இருந்தாரு, அவரும் தும்மக்கூட இல்ல. இருபது நிமிஷம் ஆச்சு, போனை எடுத்தேன், அப்பிடியே மீனுக்கு அனுப்பிட்டேன்.

கேட்டுப் பாத்தீங்களான்னா கேக்குறீங்க? சத்தமே இல்லாததுல கேக்குறதுக்கு என்ன தம்பி இருக்கு!

அன்னைக்கே சாயங்காலம் மீனு போன் பண்ணுச்சு. “அப்பா, அனுப்புனதைக் கேட்டேன்ப்பா. முழுசாக் கேட்டேன்”னுச்சு. குரல் கம்மிப் போயிருந்துச்சு. அப்பன் தனக்காக இம்புட்டுப் பண்ணிருக்கானேன்னு சந்தோசத்துல அழுகுதுன்னு நெனச்சேன். எப்பம்மா வர்றன்னேன். அதுக்கு, “டாக்டர் பயணம் போகக் கூடாதுன்னுட்டாருப்பா. அம்மாவை இங்க அனுப்பி வைங்கப்பா”ங்குது.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? சொல்லுங்க. சமைச்சு எலை போட்டு வச்சுட்டு, சாப்புட ஆள் வரலைன்னா எப்பிடி இருக்கும்? டாக்டர் சொல்லிட்டாருன்னா நாம என்ன பண்ண முடியும். மங்கை நாலு நாள்ல பையைக் கட்டிட்டா. பைன்னா சின்னப் பை இல்ல, பெரிய பொட்டி. கம்பளி எல்லாம் எடுத்து வைக்கிறா. இப்ப எதுக்குடி கம்பளின்னேன். அவ பாட்டுக்கு மடிச்சு உள்ள வச்சா.

போய் ரெண்டு மாசம் தாண்டிருச்சு. பேரன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரூமுக்குள்ள போய் அஞ்சு நிமிஷம் இருக்காது, நர்ஸம்மா வந்து, “ஐயா, நீங்க வராந்தாவுல இருந்து பேசுங்க, புள்ள பயப்படுது”ன்னுட்டாங்க. பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் இப்பிடித்தான், மனுசத்தன்மையே கெடையாது. மறுநாள் வந்துட்டேன்.

வீட்ல இப்ப நான் ஒரு ஆளு. மெஸ்ஸுல சாப்பாடு. வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்துனா, அடேயப்பா, கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி. நான் இருமுனா எனக்கே திரும்பி வருது. ஒருக்கா, “மங்கை, தண்ணி கொண்டா”ன்னு பழக்கத்துல சொல்லிட்டேன். சொன்னது அந்த ரூமுக்குப் போய் இந்த ரூமுக்கு வருது. டிவியைப் போட்டுட்டு உக்காந்துக்கிறேன். ரெண்டு வாரமா ஒரு ஜன்னலை மட்டும் லேசாத் தொறந்து வச்சிருக்கேன். காத்துக்குத்தான். அந்தப் பழைய இரும்பு ஆட்டோக்காரன் வந்தான்னா கொஞ்சம் ஆறுதலா இருக்கு. அதை விடுங்க.

துவரங்குறிச்சியா? ஓட்டல்ல நிப்பாட்டுறாய்ங்க. பத்து நிமிஷம் நிக்கும். எறங்கலையா நீங்க? நானும் எறங்கல, இந்தக் காலோட ஏறி எறங்க முடியாது. பாருங்க, இன்ஜினை நிப்பாட்டுனதும் எம்புட்டு அமைதி. இது கூட எங்க வீட்டு அமைதி கிட்ட வராது. நெசமாத்தான். என்ன சிரிக்கிறீங்க? நம்பலையா? இந்தாங்க, அந்த ரெக்கார்டு இன்னும் போன்ல இருக்கு. போட்டுக் காட்டுறேன், கேளுங்க. பஸ்ல ஆளுமில்ல.

பாத்தீங்களா? ஒண்ணுமே இல்ல. லாரி கேக்குதா? கல்யாணக் கொட்டு கேக்குதா? ஆங், அந்தா லேசாக் கேக்குறது… அது நான். ஹால்ல இருதயராஜ்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கேன். சும்மா ரெண்டு வார்த்தை பேசிருப்பேன். கதவைச் சாத்தித்தானே இருந்துச்சு, இம்புட்டா கேக்கும்? இது வந்து, பேச்சு முடிஞ்சுரும் இப்ப. இருங்க. கொஞ்சம் தள்ளி விடுறேன்… இங்கயும் நாந்தான். மண்டபத்து மேனேஜர் கதையைச் சொல்றேன் போல. அவரு பேசவே இல்ல, பாருங்க. நான் மட்டும்… இதுக்கு அப்புறம் நின்னுரும்.

இருங்க. இது மங்கை.

மங்கை குரல்தான். கிட்ட வந்து பேசுறா. யார்கிட்டப் பேசுறா? ரூம்ல ஆளே இல்லயே.

“மீனு, அம்மா பேசுறேன்டி. உங்கப்பா ஹால்ல இருக்காரு. இதை அவரு கேக்காமத்தான் அனுப்புவாரு, தைரியமாச் சொல்றேன். போன்ல பேசுனா வாங்கிருவாரு, அதான் இதுல…”

தம்பி, நீங்க கொஞ்சம்… இல்ல, பரவாயில்ல, இருங்க.

“நீ இங்க வராதடி. வெளிச் சத்தம் பூராம் அடங்கிருச்சு. அது நம்மள என்னைக்கு என்ன பண்ணுச்சு? ரோட்டுச் சத்தம் இருந்தவரைக்கும் அவரு பேச்சு அதுல கொஞ்சம் கரைஞ்சாச்சும் போகும். இப்ப அதுவும் இல்ல. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நீ தூங்கணும். டாக்டர் பயணம் வேணாம்னு சொன்னாருன்னு சொல்லிரு. என்னைய அங்க கூப்பிட்டுக்க. எனக்கும் கொஞ்ச நாள் சும்மா இருக்கணும் போல இருக்குடி. வேற ஒண்ணும் இல்ல. சும்மா இருக்கணும்.”

முடியல. இன்னும் இருக்கு.

“அவரு கெட்டவரு இல்ல மீனு. உனக்காகத்தான் அந்தக் காலை வச்சுக்கிட்டு இம்புட்டும் பண்ணாரு. அதையும் சொல்லிரணும்னு தோணுச்சு. ஆனா நீ வராத.”

அம்புட்டுத்தான். அதுக்கு மேல துணி உதறுற சத்தம். அப்புறம் மறுபடி நான்.

நிப்பாட்டிட்டேன்.

நான்தான் தம்பி அனுப்புனேன். எங் கையால. ஒருக்காக் கேட்டுட்டு அனுப்பிருந்தா… கேக்க மாட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அவ அதை நம்பித்தான் பேசியிருக்கா.

பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்து படிச்சாளே மீனு. லாரி சத்தத்துக்குள்ள. நான் அங்கயும்ல போனேன்.

…

ஏறுறாய்ங்க எல்லாரும். கிளம்பப் போகுது போல. கண்டக்டர் நம்மளத்தான் பாக்குறாரு. இல்லண்ணே, குறைக்க வேணாம். பாட்டு ஓடட்டும். பரவாயில்ல, ஓடட்டும்ணே.

தம்பி. மேலூர்ல ஏதோ சொல்ல வந்தீங்க. உங்கம்மாவுக்குன்னு ஆரம்பிச்சீங்க, நான் குறுக்க விழுந்துட்டேன். அந்தக் கவர் அம்மாவோடதா? மொத மொத அதைத்தான் பாத்தேன். எப்பிடி வைக்கணும்னு சொல்லிக் குடுத்தேன், யாருக்குன்னு கேக்கல.

என்ன செய்யுது அம்மாவுக்கு?

மெதுவாச் சொல்லுங்க. திருச்சி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் பேசல.